அவள் போட்ட ரெண்டு செகண்டு

கேட்கட்டும் அண்ணே. காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொல்கிறேன். அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட், நீலத் துப்பட்டா, ஜன்னல் பக்கம். திரும்பிப் பார்க்கிறாளா பாருங்கள். பார்க்க மாட்டாள். என் பெண்தான். பெற்ற பெண். இன்றைக்குத் திருச்சியில், அத்தனை பேர் கூடிய ஹாலில், எனக்கு ரெண்டு செகண்டு தண்டம் போட்டு வெளியே அனுப்பியவள் அவள்தான்.

சத்தத்தைக் குறைக்கவா? எதற்குக் குறைக்க வேண்டும்? டிக்கெட் வாங்கியிருக்கிறேன். குடித்துவிட்டும் பேசவில்லை, வேண்டுமானால் மோந்து பாருங்கள். நீங்களும் மடியில் மிக்சி டப்பாவை வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள், எழுந்து போகவும் முடியாது, தள்ளி உட்காரவும் முடியாது. அரியலூர் வரைக்கும்தானே? அப்படியானால் கேளுங்கள். யாராவது ஒருவர் நியாயம் சொல்ல வேண்டும்.

கியூப் தெரியுமா? ஆறு பக்கம், ஆறு கலர், திருகித் திருகி ஒவ்வொரு பக்கமும் ஒரே கலராக்குவார்களே, அது. அதை யார் சீக்கிரம் சேர்க்கிறார்கள் என்று போட்டி. சிரிக்காதீர்கள். உலகம் முழுக்க நடக்கிறது. நம் திருச்சியில் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். ஏழு வயசுப் பொடியன் ஒரு கையில் சிப்ஸ் பாக்கெட்டை இடுக்கிக்கொண்டு வருகிறான், உட்காருகிறான், பன்னிரண்டு செகண்டில் சேர்த்துவிட்டு மறுபடி சிப்சைத் தின்கிறான். அப்படிப்பட்ட இடம்.

நானும் கலந்துகொண்டேன். ஆமாம், நான்தான். நாற்பத்தெட்டு வயசில். அதிலென்ன?

வாசலில் பேட்ஜ் கொடுக்கிற பையன் என்னைப் பார்த்ததுமே, “பேரண்ட்ஸ் எல்லாம் லெஃப்ட் சைடு அங்கிள். குழந்தை பேரு சொல்லுங்க” என்றான்.

“கலியபெருமாள்” என்றேன்.

தேடினான். “இருக்கு. குழந்தை எங்க அங்கிள்?”

“நான்தாண்டா அந்தக் குழந்தை.”

பையன் ஒரு மாதிரி ஆகிவிட்டான். உள்ளே போனால் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா. “சார், உங்க பையனுக்கு ஆவரேஜ் எவ்ளோ?” என்று கேட்டார்கள். எனக்குப் பையன் இல்லைம்மா, எனக்குத்தான் அறுபத்திரண்டு என்றேன். “வயசுங்களா?” “செகண்டு.” அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்கள்.

இதெல்லாம் எனக்குக் கோபமில்லை. ஊரான் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறான். நான் சொல்வது வீட்டுக்குள் இருந்து வந்தது.

நான் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் மேடையில் ராத்திரி டூட்டி பார்க்கிறேன். ரொம்ப வருஷமாக ராத்திரிதான். பகலில் கண்ணுக்கு மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துக் கிடப்பேன். ராத்திரி வேலைக்காரனுக்குப் பகல் தூக்கம் என்பது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. தெருவில் கீரைக்காரி கத்துவாள், கேஸ் வண்டிக்காரன் மணி அடிப்பான், யார் வீட்டிலோ குக்கர் கூவும். எல்லாம் தலைக்குள் நடக்கும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம், பகலில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. இவள் பேச ஆரம்பித்த காலத்திலேயே வாசலுக்கு வருகிற பிள்ளைகளிடம் வாயில் விரலை வைத்து, “அப்பா தூங்குறாங்க” என்றுதான் சொல்லுவாள். அவ்வளவு ஒழுக்கமாக வளர்த்தேன்.

ஆறாம் வகுப்பில் எங்கேயோ இந்த கியூபைப் பிடித்தாள். டக் டக் டக் டக் என்று ஒரு சத்தம். ஒரு நாள் மத்தியானம் எனக்குத் தூக்கம் கெட்டு, எழுந்து வந்து, அவள் கையிலிருந்து வாங்கி ஓட்டு மேலே வீசிவிட்டேன். சாதாரண விஷயம், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அவள் பின்பக்கம் ஏறிப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அதற்குள் ஏதோ எண்ணெய் விட்டுச் சத்தமே வராமல் திருகப் பழகிவிட்டாள். நான் படுத்திருக்கிற அறைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, சத்தமில்லாமல், மணிக்கணக்காக. அப்படித்தான் அவள் இந்த ஆட்டத்தில் பெரிய ஆள் ஆனாள். ஒரு வகையில் நான்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றி இருக்கிறதா?

நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று கேளுங்கள். கேட்கவில்லையா, பரவாயில்லை, சொல்கிறேன். அவளுடைய பழைய கியூப் ஒன்று டிவிக்குப் பின்னால் கிடந்தது. எடுத்து டூட்டிக்குக் கொண்டுபோனேன். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது அண்ணே. கண்ட கண்ட இடத்துக்குப் போகிறது. அதற்குக் கையில் ஏதாவது இருந்தால் நல்லது. போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரன் வேகவேகமாகப் பேசுகிறான், ஒன்றும் புரியவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டு அவன் விரலை மட்டும் பார்த்தேன். விரலைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். முதலில் ஒரு பக்கம் சேர்ந்தது. அப்புறம் ரெண்டு அடுக்கு. முழுசாகச் சேர்ந்த அன்றைக்கு, லாரி ஓட்டி வந்த ஒரு ஆளிடம் நீட்டிக் காட்டினேன். “எடை போடுங்கண்ணே, கொட்டிட்டு வரணும்” என்றான்.

காலையில் வீட்டுக்குப் போய் அவள் சைக்கிளின் முன்கூடையில் அந்த கியூபை வைத்தேன். சேர்த்தபடியே. அவள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுநாள் அது கலைந்து, என் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது.

அப்படியே நடந்தது. அவள் கலைத்து வைப்பாள், நான் சேர்த்துக் கொண்டுபோய்க் கூடையில் போடுவேன். பேச்சு கிடையாது. பேச நேரம் எங்கே? நான் உள்ளே வரும்போது அவள் வெளியே, அவள் டியூஷன் முடிந்து வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். வாசலில் பார்த்துக்கொள்வோம். “வரேன்.” “ம்.” ஒரு வருஷம் போனது.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சேர்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? நன்றாக இருக்கிறது அப்பா என்று சொன்னாளா? இல்லை. “அப்பா, கடைசித் திருப்புல அவசரப்படுறீங்க. இடது கையால தட்டி விட்டுட்டு கையை எடுத்துர்றீங்க. மேல் அடுக்கு நேரா நிக்கல பாருங்க. போட்டியில இதுக்கு ரெண்டு செகண்டு போட்டுருவாங்க.”

“எவன் பார்க்குறான்?” என்றேன்.

“ஜட்ஜ் பார்ப்பாங்கப்பா.”

அப்போதே மனசில் வைத்திருந்திருக்கிறாள் பாருங்கள். எத்தனை மாசத்துக்கு முன்னால்! அப்போதே திட்டம்.

அந்தச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்கு நியாயம் தெரியும். சேர்த்து முடித்துக் கையை எடுத்த பிறகு, மேல் அடுக்கு கொஞ்சம் கோணலாக நின்றால் குற்றமில்லை. பாதிக்கு மேல் தள்ளி நின்றால், இன்னும் ஒரு திருப்பு பாக்கி என்று கணக்கு. நேரத்தோடு ரெண்டு செகண்டு கூட்டிவிடுவார்கள். ஜட்ஜ் பார்த்துச் சொல்கிற வரைக்கும் கியூபை யாரும் தொடக் கூடாது. தொட்டுச் சரி பண்ணினால் அந்தத் தடவையே செல்லாது.

இன்னொன்று. முதல் ரெண்டு தடவையில் ஒரு தடவையாவது ஒரு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்தால் மிச்சம் மூன்று தடவையும் உட்கார விடுவார்கள், ஐந்துக்கும் சேர்த்து ஆவரேஜ் போடுவார்கள். முடிக்காவிட்டால் எழுந்து போ என்று அர்த்தம். ஆவரேஜ் இருக்கிற இடத்தில் வெறும் கோடு. முடிவெல்லாம் போனில் வரும் அண்ணே. ஒரே பக்கத்தில், மேலே எங்கேயோ அவள் பெயர், அதற்கு நேராக ஒரு ஆவரேஜ். கீழே கடைசியில் என் பெயர், அதற்கு நேராகவும் ஒன்று. அதற்குத்தான் போனேன். ஜெயிக்கவா போனேன்? சிப்ஸ் தின்கிற பொடியனை நான் ஜெயிக்க முடியுமா? அந்தப் பக்கத்தில் ஒரு ஓரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய ஆசையா இது?

சரி. இந்த ஜட்ஜ் விஷயம். அங்கே ஜட்ஜ் என்று சம்பளத்துக்கு ஆள் கிடையாது. போட்டிக்கு வந்த பிள்ளைகளே முறை வைத்து உட்கார வேண்டும். ஒருவர் கலைத்துக் கொடுப்பார், ஒருவர் கொண்டுவந்து வைப்பார், ஒருவர் ஜட்ஜ். அடுத்த சுற்றில் ஜட்ஜாக இருந்தவர் ஆடுவார், ஆடினவர் ஜட்ஜாக உட்காருவார். என் முறை வந்து மேஜைக்குப் போனால், எதிரில் யார்? பூவிழி. என் பெண்.

நிரஞ்சன் என்று ஒரு பையன்தான் எல்லாவற்றுக்கும் மேல் அதிகாரி. அரைக்கால் சட்டை போட்டிருந்தான். வந்து, “அங்கிள், இவங்க உங்க டாட்டரா? வேற ஜட்ஜ் மாத்திடலாமா?” என்று கேட்டான். நல்ல பையன். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் சொல்கிறாள்:

“வேணாண்ணா. நானே உக்கார்றேன். எங்கப்பாவுக்கு நான்தான் உக்காருவேன்.”

கேட்டீர்களா? நானே உட்காருகிறேன்! எனக்கு அப்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். நம் பிள்ளை, நமக்குத் துணையாக உட்காருகிறது என்று நினைத்தேன். முட்டாள்.

உட்கார்ந்தேன். “ரெடியா?” என்றாள். ஏதோ பேங்கில் டோக்கன் கூப்பிடுகிற மாதிரி. கியூபின் மேல் கவிழ்த்திருந்த மூடியைத் தூக்கினாள். தூக்கியதும் பதினைந்து செகண்டு கியூபைப் பார்த்து யோசிக்கலாம். எட்டு ஆனதும் ஜட்ஜ் சொல்ல வேண்டும், பன்னிரண்டு ஆனதும் சொல்ல வேண்டும். “எட்டு” என்றாள். “பன்னெண்டு” என்றாள். சிரிக்காதீர்கள், இந்த மாசத்தில் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான்.

முதல் தடவை நடுவில் ஒரு திருப்பு தப்பிவிட்டது. ஒரு நிமிஷம் ஒன்பது. போகட்டும்.

ரெண்டாவது தடவை, அண்ணே, அந்த மாதிரி என் வாழ்க்கையில் கை ஓடினதே இல்லை. லாரிகள் இல்லாத ராத்திரி மாதிரி மண்டைக்குள் ஒரு அமைதி. ஒவ்வொன்றாக வந்து தானாக உட்காருகிறது. கடைசித் திருப்பு. தட்டிவிட்டு ரெண்டு கையையும், கை பட்டால் நிற்கிற டைமர் மேல் வைத்தேன். ஐம்பத்தெட்டு புள்ளி ஏழு. ஒரு நிமிஷத்துக்குள்! நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கியூபைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கம் வந்து பார்த்தாள். கடிகாரக் கடைக்காரன் பார்க்கிற மாதிரி. அப்புறம் மெதுவாக, “பிளஸ் டூ” என்றாள்.

“என்ன?”

“ரெண்டு செகண்டுப்பா. மேல் அடுக்கு தள்ளி நிக்குது.”

அறுபது புள்ளி ஏழு. போச்சு.

“பாப்பா, நல்லாப் பாரு” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன் முதலில்.

“பார்த்துட்டேன்ப்பா.”

“இன்னொரு தடவை பாரு.”

“மூணு தடவை பார்த்துட்டேன்.”

அப்புறம் நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன், யார் இல்லை என்றது? இவளுக்குச் சோறு போட்டவன் நான், ராத்திரி கண்ணைக் கெடுத்து இவளைப் படிக்க வைத்தவன் நான், எனக்கே கோணல் பார்க்கிறாளா என்று கேட்டேன். ஹால் அப்படியே நின்றுபோனது. இந்தச் சத்தத்தில் பக்கத்து மேஜைப் பிள்ளை ஒன்று திருகுவதை நிறுத்திவிட்டது. அதற்கு இன்னொரு தடவை கொடுத்தார்களாம். அதற்குக் கொடுக்கிறார்கள், எனக்குக் கிடையாது. நிரஞ்சன் ஓடி வந்தான். குனிந்து பார்த்தான். “அங்கிள், ஜட்ஜ் சொன்னது சரிதான். சாரி அங்கிள்” என்றான். நல்ல பையன் என்று சொன்னேனே, வாபஸ்.

நேரத்தை எழுதுகிற துண்டுச்சீட்டில் ஆடினவர் கையெழுத்துப் போட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன் என்று. இவள் பேனாவை நீட்டினாள். தலையைத் தூக்கவில்லை. நீட்டட்டும் என்று நின்றேன். நீட்டியபடியே நின்றாள். மேஜைக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. கடைசியில் நான்தான் வாங்கிப் போட்டேன். பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டேன்.

நான் என்ன பொய்யா சொல்லச் சொன்னேன்? நேர்மையைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம் அண்ணே. எங்கள் லைனில் போய்க் கேளுங்கள், எடை மேடைக் கலியபெருமாள் யார் என்று. லாரிக்காரன் செய்கிற தில்லுமுல்லு உங்களுக்குத் தெரியாது. அதிகமாக ஏற்றிக்கொண்டு வருவான், பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் விட்டு நிறுத்துவான், எடை குறைத்துக் காட்டும். நான் இறங்கிப் போய்ச் சக்கரத்தைப் பார்க்காமல் எடை எடுத்ததில்லை. மழையானாலும் இறங்குவேன். சொந்த மச்சான், என் வீட்டுக்காரி மலர்க்கொடியின் உடன்பிறந்த தம்பி தனவேல், அவனே ஒரு நாள் அப்படி நிறுத்தினான். “மாமா, நம்ம வண்டி” என்றான். சிரிக்கிறான். நான் சிரிக்கவில்லை. “ஏறி நில்லு. இல்லேன்னா இறக்கிட்டு வா” என்றேன். விடிய விடியக் கல்லை இறக்கினான். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குப் பொங்கல் சீர் வரவில்லை. மலர்க்கொடி தட்டில் குழம்பை ஊற்றினாளே தவிர வாய் பேசவில்லை.

அப்போது இவள் சின்னப் பிள்ளை. “ஏம்ப்பா மாமா வரல?” என்று கேட்டாள். மடியில் உட்கார வைத்துச் சொன்னேன்: “பாப்பா, வண்டி மேடையில ஏறிட்டா அப்பாவுக்கு ஆளு கண்ணுக்குத் தெரியாது. நம்பர்தான் தெரியும். மாமாவுக்காக நம்பரை மாத்தினா, அப்புறம் அப்பா சொல்ற எந்த நம்பரையும் எவனும் நம்ப மாட்டான்.” கண்ணை அகலமாக விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நாள் விளையாட்டில்கூட அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அது வேறு, இது வேறு அண்ணே. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். அதில் இருப்பது கல். இதில் என்ன இருக்கிறது? ஒரு பிளாஸ்டிக் டப்பா. கொஞ்சம் கோணல். அப்பன் முகத்துக்காக ஒரு கண்ணை மூடினால் என்ன குறைந்துவிடும்? தனவேலும் அன்றைக்கு இதையேதான் கேட்டான், அது வேறு கதை.

அதற்கப்புறம் இவளும் ஒன்றும் கிழித்துவிடவில்லை. வழக்கமாகப் பதினான்கு செகண்டில் முடிப்பவள். ரெண்டாவது சுற்றில் உட்கார்ந்தாள், கியூபைக் கீழே போட்டாள். சேர்க்கும்போது நடுவில் நின்று யோசித்தாள். இருபத்தொன்று, இருபத்துமூன்று என்று போனது. ஃபைனலுக்கு வரவில்லை. எத்தனை மாசமாக அதற்காகவே பழகினாள். கவனம் பத்தாது, வேறென்ன? நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லையே அப்போது. வாயே திறக்கவில்லை. பின்னே எதற்குக் கியூபைக் கீழே போட வேண்டும்?

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பசிக்குமே என்று ரெண்டு பட்டர் பன் வாங்கினேன். பஸ் ஏறினதும் இவள் முன்னால் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள், பக்கத்தில் இடம் இருந்தும். சரி, டிக்கெட்டுக்குக் காசு கை மாற்றிக் கொடுக்கிற மாதிரி, பன்னை முன்னால் கொடுத்தனுப்பினேன். லால்குடி வருவதற்குள் அதே வழியாகக் கை மாறிக் கை மாறித் திரும்பி வந்தது. பாருங்கள், பையில் இருக்கிறது, நசுங்கிப்போய்.

நியாயம் சொல்லுங்கள் என்றேன் இல்லையா? ஆதாரம் இருக்கிறது. இந்த டிபன் பாக்ஸைப் பிடியுங்கள். மெதுவாக. ஆட்டாதீர்கள். அந்த மேஜையிலிருந்து எடுத்த கியூப்தான், மேல் அடுக்கைத் தொடாமல் அடியைப் பிடித்துத் தூக்கி, துண்டைச் சுற்றி உள்ளே வைத்திருக்கிறேன். ஒரு நூல் அசையவில்லை. அப்படியே இருக்கிறது. நீங்கள் மூன்றாவது மனிதர். பார்த்துச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் தள்ளியிருக்கிறதா?

என்ன, யோசிக்கிறீர்கள்?

தள்ளித்தான் இருக்கிறதா? நீங்களுமா?

பஸ் குலுக்கலில் தள்ளியிருக்கும் அண்ணே! இந்த ரோட்டில் எது நேராக நிற்கும்? உங்கள் மிக்சியே கழன்றிருக்கும் இதற்குள். விடுங்கள். உங்களிடம் கேட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். மூடுங்கள் பாக்ஸை.

என்ன அங்கே? முன்னால் என்னவோ கை மாறி வருகிறது. யாருடைய சில்லறையோ.

“ஏங்க, இது யாருக்குங்க?”

“பின்னாடி ஒருத்தர் ரொம்ப நேரமா கத்திக்கிட்டு வராரே, அவருக்காம்.”

எனக்கா? யாரம்மா கொடுத்தது? நீலத் துப்பட்டாப் பொண்ணா?

அண்ணே, இது அவளுடைய கியூப். பழசு இல்லை, புதுசு. உள்ளே காந்தம் வைத்தது. இதை அவள் அம்மாவைக்கூடத் தொட விடமாட்டாள். தூங்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். எனக்கு எதற்கு அனுப்புகிறாள்? பாருங்கள், கலைத்திருக்கிறாள். நன்றாகவே கலைத்திருக்கிறாள்.

திரும்பிப் பார்க்கிறாளா? இல்லையா? கையை மட்டும் தூக்கியிருக்கிறாளா? கையில் என்ன, போனா? ஸ்டாப்வாட்சா அது?

“எட்டு!”

கேட்டதா? கத்துகிறாள் பாருங்கள், பஸ் என்றும் பார்க்காமல். யாரைப் போல வளர்ந்திருக்கிறது இது? அண்ணே, உங்கள் டப்பாவை இப்படித் திருப்புங்கள். தட்டையான பக்கம் மேலே. அசையாமல் பிடியுங்கள், இதுதான் மேஜை. வெள்ளை எங்கே? வெள்ளை, வெள்ளை... இதோ.

“பன்னெண்டு!”

வந்தேன், வந்தேன். பேசாதீர்கள்.

...

இந்த ஸ்பீடு பிரேக்கரை எவன் போட்டான்? ... பிடியுங்கள் என்றேனே... இது ரொம்ப வழுக்குகிறது, நம் கைக்குப் பழக்கமில்லை... அது அங்கே... இது இங்கே... கடைசி.

“முடிஞ்சுது! பாப்பா, நிறுத்து!”

சேர்ந்துவிட்டது அண்ணே. ஆறு பக்கமும். எவ்வளவு ஆனதென்று அவளுக்குத்தான் தெரியும்.

மேல் அடுக்கா? தெரிகிறது, தெரிகிறது. எனக்கும் கண் இருக்கிறது. கொஞ்சம் தள்ளித்தான்... ஏய், கையை எடுங்கள் அண்ணே! என்ன செய்கிறீர்கள்? தட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்கிறீர்களா? யாருக்குத் தெரியுமென்றா தட்டுவது? ஜட்ஜ் பார்க்காமல் தொடக் கூடாது என்று இவ்வளவு நேரம் யாருக்குச் சொன்னேன்? மூன்றாவது மனிதர் என்று உங்களை நம்பினேன் பாருங்கள். எத்தனை லாரிக்காரனைப் பார்த்திருக்கிறேன், உங்களை மாதிரி.

“யம்மா, இத அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க. அடியப் புடிங்க, அடிய. மேல கை வைக்காதீங்க. தம்பி, திருகிப் பார்க்காத, கொன்னுருவேன். அப்படியே. அப்படியே குடுங்க.”

போய்ச் சேர்ந்ததா? குனிந்து பார்க்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். மறுபடி பார்க்கிறாள். எத்தனை தடவைதான் பார்ப்பாள்?

ரெண்டு விரல். ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டுகிறாள் அண்ணே, பின்னால் திரும்பாமலே. நான் சொன்னேனா இல்லையா? ஈவு இரக்கம் கிடையாது. நாளைக்கு இதைக் கட்டிக்கொண்டு எவன் மாட்டப்போகிறானோ.

அந்தப் பையை எடுங்கள். பன், பன். நசுங்கினால் என்ன, பன்தானே. “யம்மா, இதையும் குடுத்துருங்க. இது ஜட்ஜுக்கு.”

இறங்கினதும் இருக்கிறது அவளுக்கு. நான் டூட்டிக்குப் போகிற அவசரத்தில் இருப்பேன், இருந்தாலும் நின்று ரெண்டு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன்.

பன் திரும்பி வருகிறதா பாருங்கள் அண்ணே. நீங்கள் உயரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். வருகிறதா?

நன்றாகப் பாருங்கள்.

வரவில்லையா?